இடக்கரடக்கலும் இளைஞர் வயிறும்

தமிழாசிரியர் கூடும் அவைகளில் எவையெவை பேசப்படும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மொழித்தூய்மை பேசப்படும், மாணவர் எண்ணிக்கை குறைந்து வருவது பேசப்படும், மரபுக் கவிதை வாழுமா வீழுமா என்பது பேசப்படும். இவை யாவும் பேசத்தக்கவையே. ஆனால் இத்தொகுப்புக்குக் கட்டுரை ஒன்று தருமாறு கேட்கப்பட்டபோது, இளைஞரின் மலச்சிக்கலைப் பற்றி எழுதப் போவதாக நான் சொன்னேன். கேட்ட நண்பர் முதலில் சிரித்தார். பிறகு, "விளையாட்டை விடுங்கள் ஐயா, இலக்கியத் தொகுப்பில் இதையா எழுதுவது?" என்றார். அவர் முப்பதாண்டுக் காலம் ஆசிரியப் பணி ஆற்றியவர், என்மீது அன்புடையவர். அவருடைய அந்தச் சிரிப்பே இக்கட்டுரையை எழுதியே தீர வேண்டும் என்ற உறுதியை எனக்குத் தந்தது.

ஏனெனில் அச்சிரிப்புக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையைக் கொடுப்பவர்கள் நாம் அல்லர். நம்மிடம் படிக்கும் பிள்ளைகளும், படித்து முடித்து நம்மிடமே பயிற்சிக்கு வரும் இளைஞர்களுமே அதைக் கொடுக்கின்றனர். நாள்கணக்கில் அடக்கி, வயிறு உப்பி, உணவு வெறுத்து, மூலத்தில் இரத்தம் கண்டு, அப்போதும் வாய் திறவாமல், யாரோ ஒருவர் விற்கும் ஏதோ ஒரு தூளை வாங்கிக் குடித்து அல்லலுறுகின்றனர். வீட்டிலேயே, செலவின்றி, சில வாரங்களில் பெரும்பாலும் தீர்த்துக் கொள்ளக்கூடிய ஒரு துன்பம் இது. அது தீராமல் இருப்பதற்கு நம் நாணமும், பேதி மருந்தின்மீது நமக்குள்ள மூடப்பற்றும், நம் பள்ளிகளின் கழிவறைகளுமே காரணம் என்பது என் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்படுவோர் வரிசையில் முதலில் நிற்பவன் நானே என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

இலக்கணம் சொல்வது என்ன?

நண்பர் இலக்கியத்தைத் துணைக்கழைத்தார். நான் இலக்கணத்தை அழைக்கிறேன். தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்துக் காட்டியது நன்னூல். இடக்கரடக்கலுக்கு நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதும் எடுத்துக்காட்டு எது? 'கால் கழுவி வந்தேன்' என்பதுதானே! அதற்கும் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே தொல்காப்பியர் இத்தகைய சொற்களுக்கு 'அவையல் கிளவி' எனப் பெயரிட்டார்; அவையில் அவற்றை மறைத்துச் சொல்லுமாறு விதித்தார். அவர் சொல்லவே வேண்டா என்று விதிக்கவில்லை என்பதை மாணவர் நெஞ்சில் கொள்ள வேண்டும். இலக்கணம் மறைக்கச் சொன்னது சொல்லை; பொருளை அன்று. நாமோ சொல்லை மறைப்பதாகத் தொடங்கிப் பொருளையே புதைத்துவிட்டோம்.

இதன் விளைவை வகுப்பறையில் காணலாம். நம் பிள்ளைகளிடம் "வயிறு சரியில்லை" என்ற ஒரே தொடர்தான் இருக்கிறது. பசிக்கும் அதுவே, வயிற்றுப்போக்குக்கும் அதுவே, மாதவிலக்கு வலிக்கும் அதுவே, நான்கு நாளாய் மலம் கழியாததற்கும் அதுவே. இருபது வயதில் மருத்துவர் முன் அமரும்போது, தாய்மொழியில் சொல்ல நாணிய ஒன்றைச் 'செம்பெலிட்' என்று மலாய்ச் சொல்லால் நாணாமல் சொல்கின்றனர். மலச்சிக்கல் என்பது எத்துணைத் தெளிவான சொல்! நோய் இன்னது, இருக்கும் இடம் இன்னது என இரண்டையும் ஒரே சொல்லில் உணர்த்துகிறது. அதனை உச்சரிக்கத் தயங்கும் நாம், தமிழ் எல்லாத் துறைக்கும் ஏற்ற மொழி என்று மேடையில் முழங்குவதில் பொருள் உண்டா? உடம்பைப் பற்றிப் பேசத் தெரியாத மொழியை இளைஞர் உடம்போடு சேர்த்து வைத்துக் கொள்வது எப்படி?

என் பள்ளியில் நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் இளம்பெண் வந்திருந்தார். அகவை இருபத்திரண்டு. பாடக்குறிப்பு ஒழுங்காக இருக்கும். குரல் தெளிவாக இருக்கும். ஐந்தாம் வாரத்தில் ஒருநாள் ஆசிரியர் அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் குனிந்துவிட்டார். மூத்த ஆசிரியை ஒருவர், "ஒன்றுமில்லை ஐயா, விளக்கெண்ணெய் கொஞ்சம் குடித்தால் இறங்கிவிடும்" என்று கூறி, வாங்கி வர ஆளையும் அனுப்பப் போனார். நல்வேளையாக நான் அதைத் தடுத்து அப்பெண்ணைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். அறிவால் தடுத்தேன் என்று பெருமை பேச மாட்டேன்; பொறுப்பேற்க அஞ்சியே தடுத்தேன்.

மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். குடல்வால் அழற்சி முதலியவை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பின் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மலம் கழித்து எத்தனை நாளாயிற்று? அப்பெண் என் முகத்தைப் பார்த்தார். நான் வெளியே போனேன். ஒன்பது நாள் என்று அவர் சொன்னதைப் பிறகே அறிந்தேன்.

திரும்பி வரும் வழியில், "என்னம்மா, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், "எப்படி ஐயா சொல்வது?" என்றார். பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. வாடகை அறையிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்படுவாராம், காலையுணவு கிடையாதாம். பள்ளியில் ஆசிரியைகளின் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால், அங்குப் போக நேரக்கூடாது என்று பகல் முழுதும் தண்ணீர் குடிப்பதில்லையாம். இதற்குமுன் இரண்டு மாதம் உடல் மெலிவதற்கென விற்கப்படும் தேநீர் ஒன்றைக் குடித்து வந்து, அண்மையில்தான் நிறுத்தினாராம்.

தாழ்ப்பாள்! அது உடைந்திருந்ததை நான் அறிவேன். பழுதுபார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் மூன்று மாதமாக அது இருந்தது. அதே மூன்று மாதத்தில் மண்டப மேடைக்குப் புதுத்திரை வாங்கினோம். திரைக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி செலவாயிற்று. தாழ்ப்பாளுக்குப் பத்து வெள்ளிகூட ஆகியிராது. மறுநாளே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டேன். போடுவதற்கு அரை மணி நேரமும் பிடிக்கவில்லை. அந்த அரை மணி நேரத்தை எண்ணும்போதெல்லாம் இன்றும் எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

குடல் செய்யும் வேலை

மலச்சிக்கல் என்பதை முதலில் ஒழுங்காக வரையறுப்போம். நாள்தோறும் ஒருமுறை கழிந்தால்தான் நலம் என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எதுவும் இயல்பே. வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைவதும், மலம் ஆட்டுப் புழுக்கைபோல் இறுகிப் போவதும், முக்கி வருந்த நேர்வதும், கழித்த பின்னும் மிச்சம் இருப்பதாகத் தோன்றுவதுமே சிக்கலின் குறிகள். 1997-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் மல வடிவங்களை ஏழாக வகைப்படுத்தி ஓர் அளவுகோல் வெளியிட்டனர். அதில் முதலிரண்டு வகை சிக்கலையும், மூன்றும் நான்கும் நலத்தையும் காட்டுவன. அறிவியல் நாணவில்லை, அளந்தது, படம் வரைந்தது. இன்று உலகெங்கும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர்.

ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலின் முதன்மைப் பணிகளுள் ஒன்று, வந்து சேரும் கழிவிலிருந்து நீரை உறிஞ்சுவது. கழிவு அங்கு எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு நீர் உறிஞ்சப்படும், அவ்வளவு இறுகும். மலக்குடலுக்குக் கழிவு வந்ததும் உந்துணர்ச்சி தோன்றும். அதை அடக்கினால் சிறிது நேரத்தில் உணர்ச்சி அடங்கிவிடும், கழிவு அடங்குவதில்லை. அடக்குவதே வழக்கமானால் மலக்குடல் விரிந்து பழகி, உணர்ச்சியே மந்தமாகிறது. இறுகியது வெளியேறும்போது வலிக்கிறது. வலிக்கு அஞ்சி மேலும் அடக்குகின்றனர். சுழல் பூர்த்தியாகிவிட்டது. ஏழு வயதில் "இடைவேளை வரை பொறு" என்று நாம் கற்பித்த பாடத்தை இருபது வயதிலும் மறவாமல் கடைப்பிடிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். நாம் கற்பித்த எந்தச் செய்யுளையும் அவர்கள் இவ்வளவு உறுதியாக நினைவில் வைத்திருக்கவில்லை!

விளக்கெண்ணெய் வழிபாடு

நான் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். பள்ளி விடுமுறை தொடங்கினால் எங்களுக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே வரும். முதல் சனிக்கிழமை காலை அப்பா எங்களை வரிசையாக நிறுத்துவார். அம்மா மூக்கைப் பிடிப்பார். விளக்கெண்ணெய் உள்ளே போகும். அன்று முழுதும் லயத்துக் கழிவறைக்கும் வீட்டுக்கும் நடையோ நடை. மாலையில் துவண்டு கிடக்கும் எங்களைப் பார்த்து, "வயிறு சுத்தமாயிற்று" என்று பெரியவர்கள் மனநிறைவு கொள்வர். அவர்களை நான் பழிக்கவில்லை. பூச்சித்தொல்லை மிகுந்த காலத்தில், கைக்கெட்டியதைக் கொண்டு பிள்ளைகளைக் காக்க முயன்றார்கள். ஆனால் அக்காலத்துக்கு அவர்கள் செய்ததை இக்காலத்துக்கு நாம் செய்வதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

விளக்கெண்ணெய் குடலை எரிச்சலூட்டிச் சுருங்கச் செய்து வெளித்தள்ளுகிறது. சில மணி நேரத்தில் வயிறு முறுக்கிப் பிடுங்கும். குடல் முழுதும் காலியான பின் அடுத்த இரண்டு மூன்று நாள் வெளியேற ஒன்றும் இராது என்பது எளிய கணக்கு. அதையே மீண்டும் சிக்கல் எனக் கருதி மறுபடியும் பேதிக்குக் குடிப்பவர் பலர். இவ்வாறு மருந்தே நோயின் தோற்றத்தை உண்டாக்குகிறது. இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. காரணம் தெரியாத வயிற்றுவலிக்குப் பேதிமருந்து கொடுக்கவே கூடாது. அவ்வலி குடல்வால் அழற்சியாக இருந்தால் குடல்வால் வெடிக்கும் அபாயத்தை நாமே வளர்த்தவர் ஆவோம். என் பள்ளியில் அன்று ஆள் அனுப்பப்பட்டிருந்தால், அப்பெண்ணுக்கு அத்தகைய அழற்சி இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

பேதியின் பக்கம் நிற்போர் உடனே தேரையரை மேற்கோள் காட்டுவர். தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதிக்கு உண்ணச் சொல்வது உண்மைதான். ஆயின் அதே விதி, அடக்கக் கூடாதவை இரண்டு என மலத்தையும் சிறுநீரையும் குறிப்பதை இவர்கள் ஏன் சொல்வதில்லை? சித்த மருத்துவம் அடக்கலாகாத வேகங்கள் பதினான்கு என எண்ணி வைத்திருக்கிறதே, அதை எந்த வகுப்பறையில் கடைப்பிடித்தோம்? "ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்காதே" என்ற பழமொழியைச் சொல்லிக்கொண்டே கை தூக்கிய பிள்ளையை உட்காரச் சொல்பவர்கள் அல்லமோ நாம்? மரபிலிருந்து கசப்பெண்ணெயை மட்டும் எடுத்துக் கொண்டோம். அறிவை அங்கேயே விட்டுவிட்டோம்.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. தேங்கிய மலத்தின் நஞ்சு இரத்தத்தில் கலந்து எல்லா நோயையும் விளைக்கிறது என்ற கொள்கை மேலைநாட்டிலும் கோலோச்சியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் புகழ்பெற்றிருந்த ஆர்பத்நாட் லேன் என்னும் அறுவை மருத்துவர், அக்கொள்கையை நம்பி மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே அறுத்தெடுத்தார். பின்னர் அக்கொள்கை ஆதாரமற்றது என ஒதுக்கப்பட்டது. மருத்துவ உலகம் கைவிட்ட அதே கொள்கையை இன்று 'நச்சு நீக்கம்' என்ற புதுப்பெயருடன் கைப்பேசி வழியே நம் இளைஞருக்கு விற்கின்றனர்.

மெலிவுத் தேநீர் எனப்படுபவற்றுள் பலவற்றில் இருப்பது நிலாவாரை இலை. அது பேதி இலை. மெலிவு இலை அன்று. உணவின் ஆற்றலைச் சிறுகுடல் முன்பே உறிஞ்சிவிடுகிறது. பேதிமருந்து வேலை செய்வதோ பெருங்குடலில். ஆகவே எடைபார்க்கும் கருவியில் குறைவது கொழுப்பன்று, நீர். நீருடன் பொட்டாசியம் முதலிய உப்புகளும் போகும். அவை மிகக் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். பல நாடுகளில் 2010-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுத்ரமின் என்ற மருந்து இத்தகைய பொருள்களில் கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருந்ததை நம் நாட்டு அதிகாரிகளும் பிறநாட்டு அதிகாரிகளும் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். இருபது வயதுப் பெண்ணின் உடம்பைப் பழித்து, அவள் நாணத்தில் வாணிகம் செய்யும் இத்தொழிலை எதிர்த்து எத்தனை தமிழாசிரியர் ஒரு சொல்லேனும் எழுதினோம்?

வீட்டிலேயே செய்யத்தக்கவை

எதிர்ப்பது எளிது, மாற்று என்ன என்று கேட்பீர்கள். மருத்துவர் அப்பெண்ணுக்குக் கூறியதும், பின்னர் நான் கற்றறிந்து என் மாணவருக்குச் சொல்லி வருவதும் இவையே.

முதலாவது, காலை நேரம். உணவு இரைப்பையை அடைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும்படி இயற்கை அமைத்துள்ளது. அவ்வசைவு காலையில் வலிமை மிக்கது. ஆகவே அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, வெதுவெதுப்பான நீரோ தேநீரோ அருந்தி, சிறிதேனும் உணவு உண்டு, அதன்பின் கழிவறையில் அமர வேண்டும். உந்துதல் இல்லாவிடினும் நாள்தோறும் அதே வேளையில் ஐந்து முதல் பத்து நிமிடம் அமர்க. வந்தால் நன்று, வாராவிடின் எழுந்து விடுக. முக்கி வருந்த வேண்டா. கைப்பேசியை வெளியே வைத்துவிடுக. அதனோடு அரை மணி நேரம் அமர்ந்திருப்பது மூலநோய்க்கு வரவேற்பு.

இரண்டாவது, அமரும் முறை. மலக்குடலை ஒரு தசை சுருக்குக் கயிறுபோல் முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. குந்தி அமரும்போது அப்பிடி தளர்ந்து வழி நேராகிறது. நாற்காலி போன்ற கழிவறையாயின், ஒரு சாண் உயரமுள்ள சிறு முக்காலியில் பாதங்களை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்குமாறு முன்சாய்ந்து அமர்ந்தால் போதும்.

மூன்றாவது, உணவு. உலக நலவாழ்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி, பத்து வயதுக்கு மேற்பட்டோர் நாள்தோறும் 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் காய்கனியும் உண்ண வேண்டும் என்கிறது. நம் இளைஞரின் உணவைக் கணக்கிட்டுப் பாருங்கள். காலையில் ரொட்டிச் சானாய் அல்லது ஒன்றுமில்லை; நண்பகலில் வெள்ளைச் சோறும் கோழியும்; இரவில் மெகி மீ. வேகவைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் அரை கிராம் நார்கூட இல்லை. அதே 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 5 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலையில் 7 கிராமுக்கு மேல். கோயிலில் கிடைக்கும் ஒரு தொன்னைச் சுண்டல், கடையில் வாங்கும் பல புட்டி 'நச்சு நீக்கி'களைவிட மேலானது! பருப்பு, பயறு, முருங்கைக்கீரை, கங்கோங், வெண்டை, வாழைத்தண்டு, பப்பாளி, தீட்டாத அரிசி யாவும் எளிதில் கிடைப்பனவே. கிவிப்பழம் நாளைக்கு இரண்டும், உலர்ந்த பிளம் பழமும் பயன் தருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கையில் காசிருந்தால் அவற்றையும் உண்ணலாம். ஆனால் நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பி வாயு மிகும். இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுக.

நான்காவது, நீரும் நடையும். நம் வெப்ப நாட்டில் சிறுநீர் வெளிர்நிறமாகப் போகும் அளவுக்கு நீர் அருந்துக. வெள்ளமாகக் குடித்தால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது தவறு; ஆனால் நீரின்றி நார் மட்டும் உண்பது சிக்கலை மிகுவிக்கும். நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பது குடலுக்கும் நன்று, மனத்துக்கும் நன்று.

இவற்றால் ஓரிரு வாரத்தில் பயன் தெரியாவிடின் மருந்து. முதற்படி இசப்கோல் உமி. ஒன்றிரண்டு தேக்கரண்டியை ஒரு குவளை நிறைந்த நீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். உலர்ந்த தூளை விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். அது வேலை செய்ய இரண்டு மூன்று நாள் ஆகும், பொறுமை வேண்டும். மலம் முன்பே கல்லாய் இறுகியிருந்தால் நாரைக் கூட்டுமுன் அதை இளக்க வேண்டும். அதற்குக் குடலில் நீரைத் தங்கச் செய்யும் லாக்டுலோஸ், மாக்ரோகோல் போன்றவை உண்டு. மருந்தாளரிடம் கேட்டு வாங்குக. நிலாவாரை மாத்திரையும் பிசகோடிலும் சில நாள் தேவைக்கு உரியன. இரவில் உட்கொண்டால் காலையில் வேலை செய்யும். அவற்றை அளவறிந்து சில நாள் உண்பது மருத்துவம். அளவறியாமல் தேநீராக மாதக்கணக்கில் குடிப்பது மடமை. இரும்புச்சத்து மாத்திரை, கொடீன் கலந்த வலிமருந்து, சில வகை அமில நீக்கிகள் ஆகியவையும் மலத்தை இறுக்கும். அவற்றை உண்போர் தாமே நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே பார்த்துக் கொள்ளலாம் என்று நான் சொன்னதாக யாரும் கொள்ளற்க. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், காய்ச்சல், விடாத வயிற்றுவலி, சில வாரம் முயன்றும் தீராமை, குடும்பத்தில் குடற்புற்று வரலாறு ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரிடம் செல்க. வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, வாயுவும் பிரியாமல் போனால் அது குடலடைப்பாக இருக்கலாம். அந்நிலையில் எந்தப் பேதிமருந்தும் கொடாமல், ஒரு மணி நேரமும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

என் பள்ளிக்கு வந்த அப்பெண் மூன்று வாரத்தில் நலம் பெற்றார். அதற்கு முதலில் மலத்தை இளக்கும் மருந்து ஒரு புட்டியும், பின்னர்க் காலையுணவும், கொய்யாவும், ஒரு சிறு முக்காலியும், ஒரு தாழ்ப்பாளும் போதுமானவையாக இருந்தன.

எதிர்வாதங்கள்

"கழிவறைக்கு என்று சொல்லி வகுப்பிலிருந்து தப்பிக்கவே மாணவர் பார்க்கின்றனர்" என்பர் ஆசிரியர் சிலர். சிலர் தப்பிக்கத்தான் செய்வர். பத்துப் பேரில் ஒருவன் ஏய்க்கிறான் என்பதற்காக ஒன்பது பேரின் குடலைப் பூட்டி வைக்கலாமா? அவ்வொருவன் ஏன் வகுப்பிலிருந்து ஓடுகிறான் என்று ஆராய்வதல்லவா ஆசிரியர் கடமை?

"இது பெற்றோர் கற்பிக்க வேண்டியது" என்பர் வேறு சிலர். விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் பெற்றோரை நாம் அறிவோம். பிள்ளை விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதி நம்மிடம் இருக்கிறது. அவன் உண்ணும் சிற்றுண்டி நம் சிற்றுண்டிச் சாலையில் இருக்கிறது. அவன் தவிர்க்கும் கழிவறை நம் வளாகத்தில் இருக்கிறது. இதில் பெற்றோரை மட்டும் சுட்டுவது நேர்மையா?

"அரசு பணம் தரவில்லை" என்பது மூன்றாம் வாதம். பெரிய பழுதுகளுக்கு இது பொருந்தும். கேட்டுப் பெற வேண்டியதைக் கேட்டே தீர வேண்டும். பள்ளிக் கழிவறைகளைச் சீரமைக்க 2023-இல் அரசே நாடு தழுவிய முயற்சி மேற்கொண்டது. ஆகவே இது பேசத்தகாத பொருள் என்று இனி எவரும் சொல்ல முடியாது. ஆயினும் ஒரு தாழ்ப்பாளுக்கும், ஒரு வாளிக்கும், ஒரு சோப்புக் கட்டிக்கும் எந்த அமைச்சரின் கையொப்பமும் வேண்டியதில்லை. எனக்கு வேண்டியிருக்கவில்லை, ஆயினும் நான் செய்யாதிருந்தேன்.

"பண்பாடு கெடும்" என்பது இறுதி வாதம். திருவள்ளுவர் 'மருந்து' என்றோர் அதிகாரம் படைத்து, உண்டது செரித்ததை அறிந்து உண்ணுமாறு கூறினார். செரித்தலைப் பற்றிப் பேசிய அப்பெருமகனால் கெடாத பண்பாடு, செரித்தது வெளியேறுவதைப் பற்றி நாம் பேசுவதால் கெட்டுவிடுமா?

நாம் செய்ய வேண்டியவை

தலைமையாசிரியர்களே! நாளைக் காலை அலுவலகத்துக்குள் நுழையுமுன் ஒவ்வொரு கழிவறைக்கும் சென்று பாருங்கள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். உங்கள் மகளை அங்கு அனுப்புவீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

ஆசிரியர்களே! கை தூக்கும் பிள்ளையை அனுப்புங்கள். இடைவேளை வரை பொறுக்கச் சொல்லாதீர்கள். இடக்கரடக்கல் நடத்தும் நாளில் 'கால் கழுவுதல்' என்ற எடுத்துக்காட்டோடு நின்றுவிடாமல், அதை அடக்குவதால் என்ன நேரும் என்பதையும் ஐந்து நிமிடம் சொல்லுங்கள். இலக்கணமும் நிற்கும், உடம்பும் நிற்கும்.

மாணவர்களே, பயிற்சி ஆசிரியர்களே! உங்களுக்குத் தனியே ஒன்று சொல்வேன். இது வெட்கப்பட வேண்டிய நோயன்று. உலகில் மிகப் பலருக்கு வருவது. வந்தால் மலச்சிக்கல் என்று தமிழில் சொல்லுங்கள். வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். சொன்னால் சிரிப்பவர் இருப்பர். என் நண்பரும் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும் வரை நான் காத்திருந்தேன். பிறகு அந்தத் தாழ்ப்பாளின் கதையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிவறையில் விளக்கு எரிவதில்லை" என்றார்.

விளக்கைப் போட்டுவிட்டாரா என்று அடுத்த கூட்டத்தில் நான் அவரைக் கேட்பேன். நீங்கள் என்னைக் கேளுங்கள்.